கிணற்று நீர் சொல்லும் சேதி

மார்கழி மாதம். பெங்களூரில் நல்ல குளிர். விடியற்காலையில் போர்வெல் மோட்டாரைப் போடுகிறார்கள். குழாயில் தண்ணீர் வருகிறது. கையை நீட்டினால் வெதுவெதுப்பாக இருக்கிறது. யாரும் அடுப்பு மூட்டவில்லை. பிறகு இந்தச் சூடு எங்கிருந்து வந்தது?

"பூமிக்குள்ளே நெருப்பு இருக்கிறதாம். ஆயிரம் அடிக்கு போர் போட்டோம் அல்லவா? அந்தச் சூடுதான்" என்று ஒருவர் சொல்வார்.

"அப்படியானால் நம் ஊரிலும் ஒருநாள் எரிமலை வெடிக்குமோ?" என்று இன்னொருவர் கேட்பார்.

இது நல்ல கேள்விதான். சிரித்துத் தள்ள வேண்டியதில்லை. விஞ்ஞானிகளும் பல நாடுகளில் இதே கேள்வியைக் கேட்கிறார்கள். மண்ணுக்குக் கீழே பாறைக் குழம்பு மறைந்திருக்கிறதா? அது மேலே ஏறி வருகிறதா? இதற்கு விடை தேடி அவர்கள் மலை உச்சிக்கு மட்டும் போவதில்லை. கிணற்றடிக்கும் போகிறார்கள். ஊற்றடிக்கும் போகிறார்கள். ஒரு குழாய் தண்ணீர் எடுத்து வருகிறார்கள்.

முதலில் சூட்டைப் பற்றிப் பார்க்கலாம்.

பூமிக்குள் ஆழமாகப் போகப் போகச் சூடு கூடும். எல்லா ஊரிலும் அப்படித்தான். பெங்களூருக்குக் கிழக்கே சுமார் நூறு கிலோமீட்டரில் கோலார் தங்கவயல் இருக்கிறது. தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்த சுரங்கம் அது. பூமிக்குள் 3 கிலோமீட்டருக்கும் மேல் வெட்டிக்கொண்டு போனார்கள். அந்த ஆழத்தில் பாறையின் சூடு 60 டிகிரிக்கு மேல் இருந்தது. குளிர்ந்த காற்றைக் கீழே அனுப்பித்தான் வேலை செய்ய முடிந்தது. 2001-ஆம் ஆண்டு அந்தச் சுரங்கத்தை மூடிவிட்டார்கள்.

மூன்று கிலோமீட்டர் ஆழத்திலேயே அவ்வளவுதான் சூடு. தண்ணீர் கொதிக்கவே 100 டிகிரி வேண்டும். பாறை உருக வேண்டும் என்றால் 700 டிகிரிக்கு மேல் வேண்டும். சில பாறைகளுக்கு 1,200 டிகிரி வேண்டும்.

ஆயிரம் அடி என்பது 300 மீட்டர். கோலார்க் கணக்குப்படி பார்த்தால், அந்த ஆழத்தில் நாலு டிகிரிதான் கூடும். அதாவது தண்ணீர் 28, 29 டிகிரியில் மேலே வருகிறது. மார்கழிக் காலையில் வெளியே காற்று 15 டிகிரி. அதனால்தான் தண்ணீர் சுடுவது போல் இருக்கிறது. அதே தண்ணீர் சித்திரை மாத மத்தியானத்தில் ஜில்லென்று இருக்கும். தண்ணீர் மாறவில்லை. காற்றுதான் மாறியிருக்கிறது.

ஆகவே, சூட்டை மட்டும் வைத்து எரிமலை என்று சொல்ல முடியாது. மேற்கு வங்காளத்தில் பக்ரேஸ்வர் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே கை வைக்க முடியாத சூட்டில் வெந்நீர் ஊற்றுகள் ஓடுகின்றன. பக்கத்தில் எரிமலை எதுவும் இல்லை. மழை நீர் வெடிப்பு வழியாக ஆழத்துக்கு இறங்குகிறது. சூடாகிறது. திரும்ப மேலே வருகிறது.

அப்படியானால் எரிமலைக்கு வேறு எது சாட்சி? ஹீலியம் என்ற வாயு.

சூரியனில் கண்ட வாயு

திருவிழாவில் பலூன் விற்கிறார்கள். நூலை விட்டால் பலூன் மேலே பறந்து போகிறது. அந்த மாதிரி பலூனுக்குள் ஹீலியம் வாயுவை அடைப்பது உண்டு. அதற்கு நிறம் இல்லை. மணம் இல்லை. அது எரியாது.

இந்த வாயுவின் கதையில் நம் நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. 1868-ஆம் ஆண்டு ஆகஸ்டு 18-ஆம் தேதி முழுச் சூரிய கிரகணம் வந்தது. அதைப் பார்ப்பதற்காக பிரான்சு நாட்டிலிருந்து ஜான்சென் என்ற விஞ்ஞானி குண்டூருக்கு வந்தார். சென்னை வானாய்வுக் கூடத்திலிருந்து போக்சன் என்பவர் மசூலிப்பட்டினத்துக்குப் போனார். சூரியனின் ஓரத்தில் தெரிந்த ஒளியைக் கருவியால் பிரித்துப் பார்த்தார்கள். வண்ணக் கோடுகள் தெரிந்தன. அவற்றில் ஒரு மஞ்சள் கோடு புதிராக இருந்தது. அதே ஆண்டு இங்கிலாந்தில் லாக்கியர் என்பவரும் அந்தக் கோட்டைக் கண்டார். பூமியில் தெரிந்த எந்தப் பொருளும் அந்தக் கோட்டைத் தரவில்லை. ஆகவே அது ஒரு புதுப் பொருள் என்று முடிவு செய்தார்கள். கிரேக்க மொழியில் ஹீலியோஸ் என்றால் சூரியன். அதிலிருந்து ஹீலியம் என்ற பெயர் வந்தது.

பூமியிலும் அது இருக்கிறது என்று தெரிய 27 ஆண்டுகள் ஆயின. 1895-இல் லண்டனில் ராம்சே என்பவர் ஒரு கல்லை அமிலத்தில் போட்டுச் சோதித்தார். அதிலிருந்து ஹீலியம் வந்தது. அது யுரேனியம் கலந்த கல். இந்த யுரேனியத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கடைசியில் மறுபடியும் வரும்.

ஹீலியத்துக்கு ஒரு குணம் உண்டு. அது எதனோடும் சேராது. மற்ற வாயுக்கள் அப்படி இல்லை. எரிமலையிலிருந்து கந்தக வாயு வந்தால், வழியில் இருக்கும் தண்ணீர் அதைப் பிடித்துக்கொள்ளும். கரியமில வாயு வந்தால், சுண்ணாம்புக் கல்லோடு சேர்ந்து மாறிவிடும். ஹீலியம் மட்டும் புறப்பட்ட இடத்தில் எப்படி இருந்ததோ, அப்படியே வந்து சேரும். அதனால்தான் அதன் சாட்சியை விஞ்ஞானிகள் நம்புகிறார்கள்.

அண்ணன், தம்பி

ஹீலியத்தில் இரண்டு வகை இருக்கிறது. ஒன்றின் எடை 4. இன்னொன்றின் எடை 3. பெயர் ஒன்று, குணம் ஒன்று, எடை மட்டும் வேறு. இப்படிப்பட்டவற்றை ஐசோடோப்புகள் என்பார்கள். அண்ணன், தம்பி என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் இந்த அண்ணனும் தம்பியும் பிறந்த விதம் வேறு.

எடை 4 உள்ள ஹீலியம் இன்றும் பிறந்துகொண்டே இருக்கிறது. கருங்கல் பாறைக்குள் மிகச் சிறிய அளவில் யுரேனியமும் தோரியமும் இருக்கின்றன. இவற்றின் அணுக்கள் தாமாகவே உடைகின்றன. உடையும்போது ஒரு துண்டு தெறிக்கிறது. அந்தத் துண்டுதான் ஹீலியம் 4 ஆகிறது. இது மிக மெதுவான வேலை. ஒரு கட்டி யுரேனியத்தில் பாதி உடைவதற்கு ஏறக்குறைய 450 கோடி ஆண்டுகள் ஆகும். பூமியின் வயதே அவ்வளவுதான்.

எடை 3 உள்ள ஹீலியம் அப்படி இல்லை. பூமி உருவானபோதே உள்ளே மாட்டிக்கொண்டது அது. பூமியின் மேலோட்டுக்குக் கீழே, முப்பது நாற்பது கிலோமீட்டருக்கு அப்பால், கவசம் என்ற பகுதி இருக்கிறது. எரிமலைக் குழம்பு பெரும்பாலும் அங்கிருந்துதான் புறப்படுகிறது. பழைய ஹீலியம் 3 அங்கேதான் தங்கியிருக்கிறது. குழம்பு மேலே ஏறினால் அதுவும் கூடவே ஏறும். குழம்பின் மேல் உள்ள அழுத்தம் குறையும்போது குமிழியாக வெளியேறும். வெடிப்புகளில் புகுந்து நிலத்தடி நீரில் கரையும். குழம்பு ஆழத்திலேயே நின்றுவிடலாம். அதன் வாயு மட்டும் கிணற்றுக்கு வந்து சேர்ந்துவிடும்.

எவ்வளவு வரும்? இதை அரிசிக் கணக்கில் சொல்லலாம். ஒரு கிலோ அரிசியில் ஏறக்குறைய 50,000 மணிகள் என்று வைத்துக்கொள்ளலாம். அரிசி என்பது ஹீலியம் 4. அதில் கலந்த கறுப்பு உளுந்து ஹீலியம் 3.

கவசத்திலிருந்து வரும் வாயு என்றால், இரண்டு கிலோ அரிசியில் ஓர் உளுந்து இருக்கும். நாம் மூச்சு விடும் காற்றில் இருக்கும் ஹீலியம் என்றால், 14 கிலோ அரிசியில் ஓர் உளுந்து. பழைய கருங்கல் பாறையில் பிறந்த ஹீலியம் என்றால், 1,000 கிலோ அரிசியைக் கொட்டித் தேடினாலும் ஓர் உளுந்துதான் கிடைக்கும். அதாவது பத்துப் பெரிய மூட்டை.

இரண்டு கிலோ எங்கே, பத்து மூட்டை எங்கே! தண்ணீரில் இருக்கும் ஹீலியம் எந்த வீட்டுப் பிள்ளை என்று இதைக் கொண்டு கண்டுபிடிக்கிறார்கள்.

செப்புக் குழாய்

இதற்குத் தண்ணீர் பிடிப்பது அவ்வளவு சுலபம் இல்லை. பிளாஸ்டிக் கேனில் பிடித்தால் பயன் இல்லை. ஹீலியம் பிளாஸ்டிக் வழியாகவே கசிந்து போய்விடும். திருவிழாவில் வாங்கிய பலூன் மறுநாள் காலையில் தொங்கிக் கிடப்பதை எல்லா வீட்டிலும் பார்த்திருப்பார்கள். கண்ணாடிப் பாட்டிலையும் முழுவதும் நம்ப முடியாது.

ஆகவே செப்புக் குழாயைப் பயன்படுத்துகிறார்கள். பம்பு ஓடும்போதே கிணற்று நீரை அந்தக் குழாய் வழியாக ஓடவிடுகிறார்கள். உள்ளே ஒரு காற்றுக் குமிழிகூட இருக்கக் கூடாது. இருந்தால் காற்றில் உள்ள ஹீலியமும் கலந்து கணக்கைக் கெடுக்கும். குமிழி இல்லை என்று தெரிந்ததும் குழாயின் இரண்டு முனையையும் இடுக்கியால் நசுக்கி அடைத்துவிடுகிறார்கள்.

ஆய்வுக்கூடத்தில் தண்ணீரிலிருந்து வாயுவைப் பிரிக்கிறார்கள். பிறகு ஒரு கருவிக்குள் அதை வேகமாக ஓடவிடுகிறார்கள். வழியில் ஒரு பெரிய காந்தம் இருக்கிறது. காந்தம் ஓட்டத்தை வளைக்கிறது. சைக்கிள் சட்டென்று திரும்பும், லாரி அகலமாகத் திரும்பும். அதுபோல எடை 3 அதிகமாக வளையும், எடை 4 குறைவாக வளையும். இரண்டும் வேறு வேறு இடத்தில் போய் விழும். அங்கே எண்ணுகிறார்கள்.

இன்னொரு கணக்கும் உண்டு. மழை நீர் மண்ணுக்குள் இறங்கும்போதே கொஞ்சம் காற்றைக் கொண்டு போகிறது. அதைக் கழிக்க வேண்டும். அதற்காக நியான் என்ற வாயுவையும் அளக்கிறார்கள். தண்ணீரில் உள்ள நியான் பெரும்பாலும் காற்றிலிருந்து வந்ததே. நியான் எவ்வளவு என்று தெரிந்தால், காற்று தந்த ஹீலியம் எவ்வளவு என்பதும் தெரிந்துவிடும்.

ஒன்டாகே மலை

ஜப்பானில் ஒன்டாகே என்று ஒரு மலை. உயரம் 3,067 மீட்டர். மக்கள் புனிதமாக நினைக்கும் மலை அது. செத்துப் போன எரிமலை என்றே நெடுங்காலம் நினைத்தார்கள். 1979-இல் அது திடீரென்று வெடித்தது. அதற்குப் பிறகு ஜப்பானிய விஞ்ஞானிகள் மலையைச் சுற்றியுள்ள ஊற்றுகளிலிருந்து அவ்வப்போது தண்ணீரும் வாயுவும் எடுத்து ஹீலியத்தை அளந்து வந்தார்கள்.

2014 செப்டம்பர் 27, சனிக்கிழமை. மலையில் இலைகள் சிவந்து அழகாக இருக்கும் காலம். விடுமுறை என்பதால் நூற்றுக்கணக்கானவர்கள் மலை ஏறியிருந்தார்கள். மத்தியானச் சாப்பாட்டு நேரம். பலர் உச்சியில் இருந்தார்கள். 11 மணி 52 நிமிடத்துக்கு மலை வெடித்தது. உள்ளே அடைபட்ட நீராவி பாறைகளையும் சாம்பலையும் வாரி வீசியது. 58 பேர் இறந்தார்கள். 5 பேரைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. அன்று காலைவரை அரசின் எச்சரிக்கை அளவு மிகக் கீழ்ப் படியில்தான் இருந்தது.

விஞ்ஞானிகள் பிறகு பழைய அளவுகளையும் புதிய அளவையும் சேர்த்து வைத்துப் பார்த்தார்கள். 2015-இல் முடிவை வெளியிட்டார்கள். மலை வாய்க்கு மிக அருகில் உள்ள நிகோரிகோ என்ற வெந்நீர் ஊற்றில், ஹீலியம் 3-இன் பங்கு சுமார் பத்து ஆண்டுகளாகவே கூடி வந்திருந்தது. தூரத்து ஊற்றுகளில் மாற்றம் தெரியவில்லை. உள்ளே குழம்பு வாயுவை விட்டுக்கொண்டிருந்திருக்கிறது. ஊற்று அதைச் சொல்லிக்கொண்டும் இருந்திருக்கிறது. அதைச் சரியாகப் படிப்பதற்குள் 63 பேர் போய்விட்டார்கள்.

இதில் விஞ்ஞானிகளைக் குறை சொல்லிப் பயன் இல்லை. பத்து ஆண்டுகளாக மெல்ல ஏறும் கணக்கு, வெடிக்கும் நாளைச் சொல்லாது. மாதத்தைக்கூடச் சொல்லாது. உள்ளே ஏதோ நடக்கிறது, கவனம் தேவை என்று மட்டும் சொல்லும். நில அதிர்வு, மலை வீங்குவது, மற்ற வாயுக்கள் ஆகியவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

வெடிக்காமலே பல ஆயிரம் ஆண்டுகள் கிடக்கும் எரிமலைகளும் உண்டு. ஜெர்மனியில் ஐஃபெல் என்ற பகுதியில் ஓர் எரிமலை ஏறக்குறைய 13,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்தது. இன்று அந்த இடம் ஓர் ஏரி. சுற்றிலும் வயல்களும் ஊர்களும் இருக்கின்றன. ஆனால் அங்குள்ள ஊற்றுகளின் குமிழிகளில் கவசத்து ஹீலியம் இன்னும் வந்துகொண்டிருக்கிறது.

பெங்களூரின் பாறை

இப்போது பெங்களூர்க் கிணற்றடிக்குத் திரும்பலாம்.

லால்பாக் தோட்டத்தில் ஒரு பெரிய பாறை இருக்கிறது. அதன்மேல் கெம்பேகவுடா கோபுரம் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பங்கள் அங்கே உட்கார்ந்து கடலை தின்பதைப் பார்க்கலாம். அவர்கள் உட்கார்ந்திருக்கும் பாறைக்கு ஏறக்குறைய 300 கோடி வயது. ஊருக்கு அடியில் இருப்பதும் பெரும்பாலும் இதே இனத்துப் பாறைதான்.

கோலார்ப் பகுதியில் ஒரு காலத்தில் எரிமலைக் குழம்பு ஓடியது உண்மை. ஆனால் அது 270 கோடி ஆண்டுகளுக்கு முன். அந்தக் குழம்பு இறுகி, நசுங்கி, வேறு பாறையாக மாறிவிட்டது. தங்கம் அதற்குள்தான் கிடைத்தது. இந்தியாவில் இப்போது உயிரோடு இருக்கும் எரிமலை அந்தமான் கடலில் உள்ள பேரன் தீவு ஒன்றுதான். அது நெடுங்காலம் அடங்கிக் கிடந்து 1991-இல் மறுபடியும் வெடித்தது. பெங்களூருக்கு நேர் கிழக்கே 1,700 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. அந்தத் தீவில் மனிதர்கள் வாழவில்லை.

1990-களின் கடைசியில் திருநெல்வேலிப் பக்கம் ஒரு பரபரப்பு எழுந்தது. தரையிலிருந்து உருகிய பாறை பொங்கி வந்தது. எரிமலை என்று மக்கள் பயந்தார்கள். இப்படி நடந்த இடங்களில் மின்கம்பங்கள் இருந்ததைப் புவியியலாளர்கள் கவனித்தார்கள். மின்சாரம் தரைக்குள் பாய்ந்து பாறையை உருக்கியிருக்கும் என்று பலர் சொன்னார்கள். உள்ளிருந்துதான் வந்தது என்று வாதாடியவர்களும் உண்டு. இந்த மாதிரி வழக்கில் கூப்பிட வேண்டிய சாட்சிதான் கிணற்று நீரின் ஹீலியம். கீழே உண்மையில் குழம்பு இருந்தால், இரண்டு கிலோவுக்கு ஓர் உளுந்து என்ற கணக்கை நோக்கி அது நகரும்.

பெங்களூர்ப் பாறை தருவது பத்து மூட்டைக் கணக்கு. யுரேனியமும் தோரியமும் உடைந்து பிறக்கும் ஹீலியம் 4. எரிமலைப் பயம் வேண்டியதில்லை.

ஆனால் அந்த ஹீலியமும் ஒரு சேதி சொல்கிறது. பாறைக்குள் எவ்வளவு காலம் தண்ணீர் தங்குகிறதோ, அவ்வளவு ஹீலியம் அதில் சேரும். ஆகவே ஹீலியம் நிறைய இருந்தால் அது பழைய தண்ணீர். சில இடங்களில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் பெய்த மழை. போன வருஷத்து மழை அல்ல. அதை இறைத்துவிட்டால், அடுத்த மழையில் திரும்ப நிரம்பாது. 2024 கோடையில் பெங்களூரில் ஆயிரக்கணக்கான போர்வெல்கள் வற்றின. டேங்கர் லாரிக்கு மக்கள் குடத்தோடு காத்து நின்றார்கள். வற்றியதும் பலர் செய்வது, இன்னும் ஆழமாக போர் போடுவதுதான்.

ஆழத்தில் இன்னொன்றும் இருக்கிறது. ஹீலியத்தைப் பெற்ற தாயான யுரேனியம். ஹீலியத்தால் உடம்புக்குக் கெடுதல் இல்லை. யுரேனியம் அப்படி இல்லை. அதுவும் பாறையிலிருந்து தண்ணீரில் கரைகிறது. அதிகமானால் சிறுநீரகத்தைக் கெடுக்கும். குடிநீரில் லிட்டருக்கு 30 மைக்ரோகிராமுக்கு மேல் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் கழகத்தின் திவேச்சா மையமும் மற்றவர்களும் சேர்ந்து, கிழக்குக் கர்நாடகத்தில் 73 கிராமங்களின் நிலத்தடி நீரைச் சோதித்தார்கள். அவற்றில் 57 கிராமங்களில் இந்த அளவைத் தாண்டியிருந்தது.

யுரேனியத்துக்கு நிறம் இல்லை. ருசியும் இல்லை. கொதிக்க வைத்தாலும் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அளவு கூடத்தான் செய்யும். ஆர்.ஓ. கருவி அதைப் பெரும்பாலும் நீக்கிவிடும். போர்வெல் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்தால் உப்பு, கடினம், ஃபுளோரைடு என்று வழக்கமானவற்றைத்தான் பார்ப்பார்கள். யுரேனியம் அந்தப் பட்டியலில் பெரும்பாலும் இருக்காது. அதையும் பார்க்க வேண்டும் என்று தனியாகக் கேட்க வேண்டும். முடிவுத் தாளில் யுரேனியம் என்ற வரிக்கு எதிரே உள்ள எண்ணைப் பார்க்க வேண்டும். அது 30-க்குக் கீழே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.